லோகனைக் கொடுத்து யோகேஸை வாங்கினோம்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்குள் பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தபடி நிற்பார்கள், பேச்சும் கதவோடுதான் நடக்கும். எங்கள் கோவில்பட்டியில் முகம் பார்க்காமல் பேசினால் அது சண்டை. சுங்கை பினாங்கில் அதுதான் மரியாதை என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்குப் பாசாரில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக லிஃப்டின் மூலையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற இருவர் கதவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொடுத்தது தங்கம் லா. வந்திருக்கிறதப் பாரு, சும்மா நிக்குது" என்றார் ஒருவர். "கணேசன் ஏமாந்துட்டான்" என்றார் மற்றவர். கணேசன் என் கணவர். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மாடி வருவதற்கு முன்பே இறங்கி, மீதிப் படிகளை மீன் பையோடு ஏறினேன். அவர்கள் பேசியது என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். கணேசனின் தாத்தா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர், எங்களுக்குத் தூரத்து உறவு. என்னைப் பெண் கேட்டபோது, ஒரே மகளைக் கடல் தாண்டி எப்படி அனுப்புவது என்று அம்மா தயங்கினாள். சபையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், உங்கள் பெண்ணை அவர்களுக்குக் கொடுங்கள், அவர்கள் பெண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கொள்வினை கொடுப்பினை சரியாகப் போகும் என்று விளையாட்டாகச் சொன்னார். விளையாட்டு வினையாகிவிட்டது. கணேசனின் தங்கை பிரேமா அதற்கு முன்னால் கோயில் பார்க்க ஊருக்கு வந்திருந்தபோது என் அண்ணனைப் பார்த்திருக்கிறாள், அண்ணனும் அவளைப் பார்த்திருக்கிறான். நான் பினாங்குக்கு வந்தேன், அவள் கோவில்பட்டிக்குப் போனாள். அவளுக்கு நான் அண்ணி, எனக்கு அவள் மதினி. அவள் படுத்த அறையில் நான் படுக்கிறேன், நான் தலைவாரிய கண்ணாடியில் அவள் தலைவாருகிறாள். இந்த மாதிரிச் சம்பந்தத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒருத்தியின் சாம்பாரில் உப்புக் கூடினால், அங்கே கொடுத்த பெண்ணின் கைப்பக்குவம் இங்கே நினைவுக்கு வரும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, தட்டைத் தள்ளிவைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

அன்று மாலை கணேசன் வேலையிலிருந்து வந்ததும் லிஃப்டில் கேட்டதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். அது நீ இல்லை, யோகேஸ் என்றார். சிரித்து முடித்ததும் அவர் முகம் வாடியது. புளோக் முழுக்க இதையே பேசுகிறார்களா என்று கேட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பந்தாட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

கணேசன் எங்கள் அடுக்குமாடி அணிக்கு மேனேஜர். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தீவிலும் கரைப்பக்கத்திலும் உள்ள நம்மாட்களின் அணிகள் மோதிக்கொள்ளும் சின்ன லீக் ஒன்று நடக்கிறது. இந்த லீக்கில் ஆட்டக்காரர்களுக்குக் காசு கிடையாது, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாறியவன் அந்த ஆண்டு மூன்றாவது அணிக்குப் போக முடியாது. இரண்டு மேனேஜர்களும் சம்மதித்தால் பாதி சீசனுக்குள் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். எங்கள் அணியில் லோகன் என்று ஒரு பையன் இருந்தான். இடப்பக்க ஓரமாக அவன் ஓடினால் மாடிகளில் துணி காயப்போடுகிற பெண்கள்கூட நின்று பார்ப்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், கரையிலுள்ள செபராங் ஜெயா அணியில் யோகேஸ் இருந்தான். ஒரு காலத்தில் அவன் கோல் போடாத ஞாயிறு கிடையாதாம். எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவன் காலில் பட்டதும் வீட்டுப் பூனை மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடுமாம். பிறகு என்ன ஆயிற்றோ, பந்து அவன் காலில் பட்டுத் தெறிக்கத் தொடங்கியது. கோல் வற்றிவிட்டது. நம் கையில் வந்தால் சரியாகிவிடுவான் என்று கணேசன் நம்பினார். லோகனைக் கொடுத்து யோகேஸை வாங்குவது என்று முடிவானது.

கொடுத்தது லோகன் மட்டும் என்றால் ஊர் இவ்வளவு பேசியிருக்காது. கோல்கீப்பர் ஆனந்தும் சேர்ந்து போனான். அது எப்படிப் போயிற்று என்பதற்கு நானே சாட்சி. பேச்சை முடிக்க செபராங் ஜெயா மேனேஜர் முனியாண்டி அண்ணே எங்களைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவியும் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால் பேச்சு முடியும்வரை கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள், அப்புறம் எதையும் மறுக்க முடியாது. கணேசனுக்கு அதெல்லாம் தெரியாது. வேலை முடிந்து நேரே வந்த பசி. எல்லாக் குழம்பையும் மேலே ஊற்றச் சொல்லி வாங்கி, உட்கார்ந்ததும் பிசையத் தொடங்கிவிட்டார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

முனியாண்டி அண்ணே அவசரப்படவில்லை. தட்டு பாதி காலியாகும்வரை மழையைப் பற்றியும் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசினார். பிறகு, லோகன் ஒருவன் போதாது தம்பி, ஆனந்தையும் சேர்த்துக் கொடுத்துவிடு என்றார், ஊறுகாய் கேட்கிற தொனியில். கணேசனுக்கு வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் மென்றுகொண்டே போட்டுவிட்டார். நான் மட்டும் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், என் கையாவது காயட்டும் என்று. கடைக்காரர் வந்து விரதமா என்று விசாரித்தார். முனியாண்டி அண்ணேயின் மனைவி என் காய்ந்த தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதருகே குனிந்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டார். இல்லை அக்கா என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் ஒரு தட்டில் மாங்காய் நறுக்கி வைத்துக் காத்திருந்தார்.

யோகேஸ் வந்தான். அமைதியான பிள்ளை. ஆடவும் பயிற்சிக்கும் பாலம் தாண்டி மோட்டாரில் வருவான். முதல் ஆட்டத்தில் புளோக்கே திரண்டு திடலுக்குப் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நானும் போனேன். பினாங்கில் மழைக்கு முன்னால் ஒரு வெளிச்சம் வரும். புல், மனிதர்கள், தூரத்து மலை எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல அசையாமல் தெரியும். அந்த வெளிச்சத்தில் மற்றவர்களெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் நடுவில் நின்று கையை லேசாகத் தூக்கி, எனக்கு, எனக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. எப்போதாவது அவனிடம் வந்தால், வராத பந்து வந்துவிட்ட பதற்றத்தில் காலில் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

எனக்குக் கோவில்பட்டி நினைவு வந்தது. ஏக்கமெல்லாம் இல்லை, அந்தத் திடலுக்கும் இந்தத் திடலுக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். கரிசல் காய்ந்து வெடித்திருக்கும் சாயங்காலங்களில் தெருவெல்லாம் மட்டைச் சத்தம் கேட்கும். என் அண்ணனும் ஆடினான், சுமாராகத்தான் ஆடினான். ஆனால் அவனைக் கொடுத்து வேறு ஒருவனை வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அங்கே ஒருவன் தன் தெருவுக்காகப் பிறக்கிறான், முட்டி தேய்கிறவரை அந்தத் தெருவுக்கே ஆடுகிறான். நன்றாக ஆடினாலும் அவன் நம்மவன், சொதப்பினாலும் நம்மவன். வாங்கப்பட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் ஒவ்வொரு ஞாயிறும் தனக்குக் கொடுத்த விலை சரிதான் என்று காட்ட வேண்டியிருக்கிறது. வந்த முதல் வருஷம் இந்த வீட்டுச் சமையலறையில் நானும் அப்படித்தான் நின்றேன். உப்பு ஜாடி இருக்கும் என்று நினைத்த இடத்தில் சீனி இருந்தது. பிரேமாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் எல்லாம் இருந்தது, நான் அவளைவிடக் குள்ளம். மாமியார் நல்லவர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது, அவர் மனசில் ஓடுவது எனக்குக் கேட்கும்.

பாதி சீசன் நெருங்கியது. புளோக்கின் கீழே காப்பிக் கடையில் அணிக்காரர்கள் கூடி, யோகேஸைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஆனந்த் போனால் போகட்டும், லோகன் மட்டுமாவது வந்தால் போதும் என்றார்கள். கணேசன் முனியாண்டி அண்ணேவுக்குப் போன் போட்டார். முனியாண்டி அண்ணே, லோகனை வேண்டுமானால் தருவது பற்றி யோசிக்கலாம், ஆனால் யோகேஸ் தனக்கு வேண்டாம், அவன் இடத்தில் வேறு பையன் ஆடிக்கொண்டிருக்கிறான் என்றாராம். அப்படியென்றால் இங்கேயும் அவன் பெயரை நீக்கிவிடுவார்கள், அங்கேயும் சேர்க்க மாட்டார்கள். மூன்றாவது அணிக்குப் போக விதியில் இடமில்லை. எந்தச் சட்டையும் இல்லாமல் அவன் ஒரு வருஷம் உட்கார வேண்டியதுதான். ஏற்கெனவே கால் தடுமாறுகிறவன் ஒரு வருஷம் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருப்பானா என்பது எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. ஆனால் யாரும் கேட்கவில்லை. லோகன் வருவான் என்ற ஆசையில் அணிக்காரர்களுக்குக் கண் மறைத்துவிட்டது.

அணியின் ஜெர்சிகளை எங்கள் வீட்டு மெஷினில்தான் துவைப்போம். ஒரு நாள் யோகேஸ் தன்னுடையதைக் கொடுக்க வந்தான். மற்ற பையன்கள் வாசலிலிருந்தே சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். இவன் மடித்துக் கொண்டுவந்திருந்தான். இனி இதைப் போடுவோமோ மாட்டோமோ என்று தெரியாதவனின் மடிப்பு அது. உள்ளே வாப்பா என்றேன். பரவாயில்லைக்கா என்று கதவுக்கு வெளியிலேயே நின்றான். தே ஓ என்று இங்கே சொல்கிற கடுந்தேநீர் போட்டுக் கொடுத்தேன், நின்றபடியே குடித்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டேன். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. எங்க ஓடினாலும் நான் தப்பான இடத்துல நிக்கிற மாதிரியே இருக்கு."

அவன் போன பிறகும் அந்த வார்த்தை வாசலை விட்டுப் போகவில்லை. வெகுநேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரேமா கூப்பிட்டாள். அவள் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் அவள் மனசு சுங்கை பினாங் திடலுக்கு வந்துவிடும். சின்ன வயதில் தன் அண்ணன் ஆடும்போது கோல்கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கியவள். கணேசன் குழுவில் போடுகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பாள். காய் நறுக்கியபடி என் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, ஹாக்கியில் மட்டை இல்லாதது மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பார்ப்பாளாம். பிரேமா எடுத்த எடுப்பிலேயே யோகேஸைப் பற்றித்தான் கேட்டாள். திருப்பி அனுப்பப் போகிறார்களாமே என்றாள். ஆமாம், விலை அதிகம் கொடுத்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன்.

"அண்ணி, நல்லாப் பாருங்க. நம்ம பையனுங்க இன்னும் லோகனுக்குத்தான் பந்து போடுறாங்க. தலையத் தூக்கிப் பாக்கிறதே இல்ல, லோகன் ஓடுற இடத்துக்குப் பழக்கத்துல அடிக்கிறாங்க. அங்க யாருமே இல்ல. இவன் நடுவுல நின்னு கேக்குறான், யார் கொடுக்குறா?"

எனக்கு அந்த மழை வெளிச்சம் நினைவுக்கு வந்தது. உண்மைதான். தாண்டித் தாண்டிப் போன பந்துகளெல்லாம் இடப்பக்கம்தான் போயின. போன ஆளுக்கு ஊரே பந்து போட்டுக்கொண்டிருந்தது, வந்த ஆளைச் சும்மா நிற்கிறான் என்று வைதுகொண்டிருந்தது. உன் அண்ணனிடம் சொல் என்றேன். நீங்களே சொல்லுங்கள் அண்ணி, நான் சொன்னால் தூரத்திலிருந்து பேசுகிறேன் என்பார் என்றாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். காற்றுச் சத்தம் கேட்டது. அவள் குரல் மாறியது.

"அவனை அனுப்ப வேணாம் அண்ணி. எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். நான் இங்க வந்த புதுசுல ஒருநாள் அத்தை கேட்டாங்க, உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டு எங்க பொண்ணக் கூட்டிட்டு வந்துடட்டுமான்னு."

அத்தை என்று அவள் சொன்னது என் அம்மாவை. பிரேமாவே தொடர்ந்து சொன்னாள். அம்மா கோபத்தில் கேட்கவில்லையாம், பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டாளாம், கேட்டுவிட்டு அழுதாளாம். பிரேமா அன்று ராத்திரி பெட்டியை அடுக்கி, என் அண்ணன் பார்ப்பதற்குள் மறுபடி பிரித்து வைத்தாளாம். தன்னைத் திருப்பி அனுப்பினால் இங்கே நானும் நிலைக்க முடியாது, என் வீடும் கெட்டுவிடும் என்று யோசித்துத்தான் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். பெட்டியை அடுக்கிய அந்த நாளில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேனோ. சீனியைக் குழம்பில் போட்டிருப்பேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் அம்மா என்னைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். விமான நிலையத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், உன் சாமானைச் சரிபார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பியவள், அதிகம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த நொடி, அதைக் காதால் கேட்டவள் போனின் மறுமுனையில் நிற்கிறாள் என்பது உறைத்தது. மதினி என்று மட்டும் கூப்பிட்டேன்.

கணேசனிடம் பந்து விஷயத்தை மட்டும் சொன்னேன். தங்கை விஷயத்தைச் சொல்லவில்லை, அது பிரேமா சொல்ல வேண்டியது. எங்கே போட்டாலும் ஓடிப்போய் வாங்குவதுதானே அவன் வேலை என்று முதலில் மறுத்தார். பிறகு பழைய வீடியோவையும் புது வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சோறு ஆறிப்போயிற்று.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்று கேட்டார்.

"இல்லாத ஆளுக்குப் போடுறத நிறுத்திட்டு, இருக்கிற ஆளப் பாத்துப் போடச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவன் ஆடலைன்னா அனுப்புங்க."

அணிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் தவணை கொடுத்தார்கள். அடுத்த ஆட்டம் செபராங் ஜெயாவிலேயே, அவர்களோடேயே. சரிவராவிட்டால், முடிந்ததும் முனியாண்டி அண்ணேவிடம் நேரிலேயே பேசி லோகனைக் கையோடு கூட்டிவருவது என்று ஏற்பாடு. யோகேஸிடம் இதையும் சொல்லிவிட்டார்கள். சரி அண்ணே என்றானாம்.

அன்று மேகம் இருந்தது, மழை இல்லை. பாலத்தில் போகும்போது கடலும் வானமும் ஒரே சாம்பலாக, நாங்கள் எதையும் தொடாமல் மிதந்து போவது போல இருந்தது. அந்தத் திடலைச் சுற்றி வரிசை வீடுகள். மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நடுவில், மஞ்சளும் இல்லாமல் எங்கள் நீலமும் இல்லாமல் சாதாரண நூல்சேலையில் ஓர் அம்மா இருந்தார். யோகேஸின் அம்மா என்று கணேசன் காட்டினார். வழக்கமாக உட்கார்கிற இடம் போலிருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாதி பழைய கதைதான். என்னதான் சொல்லி அனுப்பியிருந்தாலும் கால்களுக்குக் காது கிடையாது. பந்து இடப்பக்கம் போயிற்று, ஓரத்துக் கோட்டைத் தாண்டி ஒரு மாமரத்தடிக்குப் போயிற்று. மஞ்சள் கூட்டம் சிரித்தது. எதிர்ப்பக்கம் லோகன் நன்றாகத்தான் ஆடினான். யோகேஸ் கையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டான். கணேசன் என் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு பந்தாட்டத்துக்காக இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

இரண்டாம் பாதியில், நான் இன்றுவரை சரியாக நம்பாத ஒன்று நடந்தது. லோகன் எங்கள் பக்கத்திலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். எங்கள் கேப்டன் தினேஸ் அவனுக்குப் பக்கவாட்டில் ஓடியபடி, எத்தனையோ வருஷம் கத்திய அதே பழக்கத்தில், "லோகா, இங்க!" என்று கத்திவிட்டான். லோகனும், எத்தனையோ வருஷம் கொடுத்த அதே பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமல் பந்தை அவனுக்குத் தள்ளிவிட்டான். கொடுத்த பிறகுதான் இருவருக்கும் தாங்கள் வேறு வேறு சட்டையில் இருப்பது நினைவுக்கு வந்தது. திடல் முழுக்க ஒரு நொடி அப்படியே நின்றது. தினேஸ் பந்தை இடப்பக்கம் அடிக்கக் காலைத் தூக்கினான். அடிக்கவில்லை. லோகன்தான் அவன் கண்முன்னால் வாயைப் பிளந்து நிற்கிறானே, இடப்பக்கம் யாருக்கு அடிப்பது? அப்போதுதான் அந்தப் பையன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். நடுவில் யோகேஸ் இருந்தான்.

பந்து அவனிடம் போயிற்று. வேகமாகத்தான் போயிற்று. அவன் காலில் பட்டது, அப்படியே உட்கார்ந்தது. அவன் அதை ஒருமுறை குனிந்து பார்த்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. பிறகு திரும்பினான், அடித்தான். ஆனந்த் தாவினான், எட்டவில்லை.

எங்கள் பையன்கள் எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். அவன் மட்டும் கையைத் தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மஞ்சள் கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. நடுவில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தவர் போலச் சுற்றிப் பார்த்தார். தட்டப் போன இரண்டு கையையும் சேர்த்துக் கழுத்தருகே வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணேசன், என்ன, கோல்தானே போட்டான், நீ ஏன் அழுகிறாய் என்றார்.

ஆட்டம் முடிவதற்குள் லோகனும் ஒன்று போட்டுவிட்டான். சமம். ஆகவே விலை அதிகமா சரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. லிஃப்டுக் கதவு இன்றைக்கும் இரண்டு தரப்பு வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நடந்தது என்னவென்றால், ஆட்டம் முடிந்து முனியாண்டி அண்ணே தானாகவே கணேசனிடம் வந்தார். தோளில் கைபோட்டு, யோகேஸைத் திருப்பித் தருவதென்றால் இப்போது யோசிக்கலாம் தம்பி என்றார். கணேசன் வாயில் அப்போது சோறு இல்லை. "இல்லண்ணே, அவன் நம்ம பையன்" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து நடந்தார். யோகேஸ் தன் வீடு இருக்கிற தெருவைத் தாண்டி, எங்களோடு வேனில் ஏறிப் பாலம்வரை வந்தான். அங்கே இறங்கிக்கொண்டு, நான் நடந்தே திரும்பிப் போய்விடுகிறேன் என்றான். ஏன் ஏறினாய், ஏன் இறங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் இன்னும் வெயில் சாயவில்லை. பிரேமா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள் என்றாள் அம்மா. அந்த இடைவெளியில் கேட்டுவிட்டேன், அன்றைக்குப் பிரேமாவிடம் அப்படிக் கேட்டாயா என்று. திரையில் அம்மா முகம் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. மறுப்பாள் என்று நினைத்தேன்.

"கேட்டேன்ட்டி. பெத்த வயிறு, கேக்காம என்ன செய்யும்."

"இப்பவும் அப்படி நெனைக்கியாம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "இப்ப நீயே வந்து நின்னாலும் அவள அனுப்ப மாட்டேன்."

நான் கேட்க விரும்பிய பதில் அதுதான். பிரேமாவுக்காக எத்தனை நாள் அதை வேண்டியிருப்பேன். நல்லதும்மா என்றேன், சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது, என் ஊரில் எனக்கென்று திறந்திருந்த ஏதோ ஒன்று மெதுவாகச் சாத்தப்படுவதும் தெரிந்தது. வலித்தது. அம்மா அதைப் பார்த்தாளோ என்னவோ, இந்தா அவளே வந்துவிட்டாள் என்று போனைக் கைமாற்றினாள்.

பிரேமா ஈரக் கையோடு போனை வாங்கி, லோகன் பந்து கொடுத்த கதையை முதலிலிருந்து சொல்லுங்கள் அண்ணி என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். அவள் முதுகுக்குப் பின்னால் நான் வளர்ந்த வீட்டின் பச்சைச் சுவர் தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவள் வளர்ந்த வீட்டின் சன்னல் அவளுக்குத் தெரிந்திருக்கும். தினேஸ் கத்திய இடத்துக்கு நான் வருவதற்குள் அங்கே அடுப்படியிலிருந்து என் அம்மா, காப்பி ஆறுது பிரேமா என்று கூப்பிட்டாள். அதே நேரத்தில் இங்கே அடுப்படியிலிருந்து அவள் அம்மா, கோமதி, சாப்பிட வாம்மா என்று கூப்பிட்டார்.

"இந்தா வாரேன் அத்தை" என்றாள் பிரேமா, எங்கள் ஊர்க்காரியாக.

"தோ வர்றேன் அத்தே" என்றேன் நான்.